மைக்கேல் மதுசூதன் தத்

மைக்கேல் மதுசூதன் தத் (ஜனவரி 25, 1824 - ஜூன் 29, 1873) பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வங்காளக் கவிஞரும் நாடக ஆசிரியரும் ஆவார். வங்காள மொழியில் இயைபற்ற செய்யுள் நடையைப் புகுத்தியவர் இவரே. சானெட் எனப்படும் பதினான்கடிப் பாடல் வடிவத்தை அம்மொழிக்குக் கொண்டுவந்தவரும் இவரே. மேகநாதவத காவியம் (1861) இவருடைய தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. 1866 ஆம் ஆண்டில் வெளியான சதுர்தசபதி கவிதாவலி, வங்காள மொழியின் முதல் சானெட் தொகுப்பு ஆகும். ஆங்கிலக் கவிஞராகப் புகழ்பெற வேண்டும் என்னும் ஆசையுடன் எழுதத் தொடங்கிய இவர், தம் வாழ்நாளில் எட்டு ஆண்டுகளைச் சென்னையில் கழித்தார்.

இளமையும் கல்வியும்

மதுசூதன், தற்போது வங்காளதேசத்தில் உள்ள ஜெஸ்ஸோர் பகுதியில், கபோதாட்ச ஆற்றங்கரையில் அமைந்த சாகர்தாரி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ராஜநாராயண் தத் கல்கத்தாவில் புகழ்பெற்ற வழக்கறிஞர். தாய் ஜானவி தேவி. இராமாயண, மகாபாரதக் கதைகளைத் தாயிடமிருந்து கேட்டு வளர்ந்த மதுசூதன், சிறுவனாக இருந்தபோதே கல்கத்தாவின் கிதிர்பூர் பகுதியில் இருந்த தந்தையின் வீட்டுக்கு வந்தார்.

பின்னர் இந்துக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியம் பயின்றார். அங்கு ஆசிரியராக இருந்த டேவிட் லெஸ்டர் ரிச்சர்ட்சன் தாமே சானெட்டுகள் எழுதி நூலாக வெளியிட்டவர். அதே கல்லூரியில் முன்னர் கற்பித்த ஹென்றி டெரோசியோவும் ஆங்கிலச் சானெட்டுகள் எழுதியிருந்தார். எனவே இவ்வடிவம் அக்கல்லூரி மாணவர்களுக்கு அன்னியமானதாக இருக்கவில்லை. மதுசூதனும் மாணவப் பருவத்திலேயே ஆங்கிலத்தில் சானெட்டுகள் எழுதிப் பழகினார். மில்டன், பைரன், வேர்ட்ஸ்வொர்த் ஆகியோரை விரும்பிப் படித்தார். தம் பாடல்களை இங்கிலாந்தின் இதழ்களுக்கும் அனுப்பிப் பார்த்தார். இங்கிலாந்து சென்றால் தாம் பெருங்கவிஞராகிவிடலாம் என்னும் எண்ணம் அக்காலத்தில் இவரிடம் ஆழமாக வேரூன்றியிருந்தது. கௌர்தாஸ் பசாக், பூதேவ் முகோபாத்யாய், ராஜநாராயண் பாசு ஆகியோர் கல்லூரி நண்பர்கள். இவர்களுள் பசாக்குக்கும் பாசுவுக்கும் மதுசூதன் எழுதிய கடிதங்கள் இவருடைய வாழ்க்கை பற்றிய முதன்மையான ஆவணங்களாக உள்ளன.

சமய மாற்றம்

பெற்றோர் தமக்குத் திருமண ஏற்பாடு செய்துகொண்டிருந்த நிலையில், 1843 பெப்ரவரி 9 அன்று, தமது பத்தொன்பதாவது வயதில், மதுசூதன் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். இதற்குச் சமய நம்பிக்கை, விருப்பமில்லாத திருமணம், இங்கிலாந்து செல்லும் ஆசை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. கிறித்தவர் ஆனதால் இந்துக் கல்லூரியில் தொடர்ந்து பயில இயலாது போயிற்று. 1844 இல் பிஷப் கல்லூரியில் சேர்ந்து கிரேக்கம், இலத்தீன், சமசுகிருதம் ஆகிய மொழிகளைக் கற்றார். தந்தை சில காலம் கல்விச் செலவை ஏற்றுப் பின்னர் நிறுத்திவிட்டார். இதனால் வேலை தேடிக் கல்கத்தாவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

சென்னையில் (1848-1856)

1848 ஜனவரியில் சென்னை வந்த மதுசூதன், ஆண் அநாதைகள் காப்பகத்தின் பள்ளியில் ஆசிரியரானார். அதே ஆண்டு ரெபெக்கா மக்டாவிஷ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு குழந்தைகள் பிறந்தனர். 1852 முதல், பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றினார். சென்னையில் வெளிவந்த ஆங்கில இதழ்கள் சிலவற்றில் எழுதியதுடன் ஆசிரியப் பொறுப்பும் வகித்தார்.

பிருதிவிராசன், சம்யுக்தை கதையைத் தழுவி இவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறைப்பட்ட சீமாட்டி என்னும் நெடும்பாடல் 1849 இல் சென்னையில் நூலாக வெளிவந்தது. அதன் படியொன்று நண்பர் பசாக் வழியாகக் கல்விக் குழுவின் தலைவரான டிரிங்க்வாட்டர் பெதூனிடம் சேர்ந்தது. நூலைப் படித்த பெதூன், இத்தகைய ஆற்றலும் பயிற்சியும் உடையவர் தம் தாய்மொழியில் எழுதுவதே நாட்டுக்கும் அவருக்கும் நன்மை தரும் என்று தெரிவித்தார். பசாக்கும் இதனை வலியுறுத்தி எழுதினார்.

இந்த அறிவுரை மதுசூதனின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. எனினும் அவர் உடனே வங்காளத்தில் எழுதிவிடவில்லை. அவ்வாறு எழுதும் நிலையிலும் அப்போது அவர் இல்லை. தம் தாய்மொழி விரைவாக மறந்து வருவதாக அதே ஆண்டு பசாக்குக்கு எழுதிய மதுசூதன், கிருத்திவாசரின் இராமாயணத்தையும் காசிராம் தாசரின் மகாபாரதத்தையும் கல்கத்தாவிலிருந்து அனுப்பி வைக்குமாறு கேட்டிருந்தார். அடுத்துவந்த கடிதம் ஒன்றில் தமது அன்றாடக் கால அட்டவணையைத் தந்துள்ளார். அதன்படி காலையில் எபிரேயமும், பின்னர் பள்ளிப் பணியும், நண்பகலில் கிரேக்கமும், பிற்பகலில் தெலுங்கும் சமசுகிருதமும், மாலையில் இலத்தீனும், இரவில் ஆங்கிலமுமாக அவருடைய நாள் கழிந்தது. இவையனைத்தும் தம் முன்னோரின் மொழியை அழகு செய்வதற்கான ஆயத்தம் என்றே அவர் கருதினார்.

தாய் 1851 இலும் தந்தை 1855 இலும் இறந்தனர். தந்தையின் சொத்தை மீட்பதற்காக 1856 தொடக்கத்தில் மதுசூதன் தனியே கல்கத்தா திரும்பினார். ரெபெக்காவும் குழந்தைகளும் சென்னையிலேயே விடப்பட்டனர். மதுசூதன் மீண்டும் அவர்களிடம் திரும்பவில்லை. பின்னர் சென்னையைச் சேர்ந்த ஹென்றியெட்டா என்பவர் கல்கத்தா வந்து இறுதிவரை இவருடன் வாழ்ந்தார்.

வங்காள மொழிக்குத் திரும்புதல்

கல்கத்தாவில் காவல் நீதிமன்றத்தில் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிய மதுசூதன், 1858 இல் இரத்தினாவளி நாடகத்தைப் பெல்காச்சியா அரங்கத்துக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வங்காளத்தில் நல்ல நாடகங்கள் இல்லாத குறையை இப்பணியின்போது உணர்ந்து, சர்மிஷ்டா என்னும் நாடகத்தைத் தாமே எழுதினார். இது 1859 இல் வெளிவந்தது. இதனையடுத்த மூன்றாண்டுகளில் இவருடைய முதன்மையான படைப்புகள் பலவும் தோன்றின.

அக்கால வங்காளக் கவிதையில் பயார் என்னும் யாப்பே பெருவழக்காக இருந்தது. இதில் ஒவ்வோர் அடியும் பதினான்கு அசைகள் கொண்டது. எட்டாம் அசைக்குப் பின் ஓர் இடைநிறுத்தம் வரும். இரண்டிரண்டு அடிகள் ஈற்றில் இயைபு பெற்று, அத்துடன் பொருளும் முடிவுறும். மதுசூதன் அடியின் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு இயைபை நீக்கினார். பொருள் அடியின் ஈற்றைக் கடந்து அடுத்த அடிக்குள் ஓடுமாறும், வேண்டிய இடத்தில் நிற்குமாறும் செய்தார். அமித்ராட்சர் எனப்படும் இந்நடை வங்காளத்துக்கு ஒத்துவராது என்று ஜதீந்திரமோகன் தாகூர் ஐயுற்றார். மதுசூதன் திலோத்தமா சம்பவ காவியத்தை (1860) இந்நடையில் எழுதிக் காட்டியபோது, அதன் அச்சுச் செலவை ஏற்றவரும் அவரே. 1861 இல் இந்திரசித்தைத் தலைவனாகக் கொண்டு ஒன்பது சருக்கங்களில் மேகநாதவத காவியம் வெளிவந்தது. 1862 இல் வெளியான வீராங்கனா காவியம் உரோமானியக் கவிஞர் ஓவிட்டின் கடிதப் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்டது.

சானெட் வடிவம்

சானெட் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிசிலியில் தோன்றியது. பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் (1304-1374) இதனைச் செம்மைப்படுத்தினார். அவருடைய தொகுப்பில் உள்ள 366 பாடல்களுள் 317 சானெட்டுகள் ஆகும். பெத்ரார்க்கின் சானெட் எட்டடி, ஆறடி என இரு பகுதிகளாகப் பிரியும். எட்டடிப் பகுதியில் இரண்டே இயைபுகள் அ ஆ ஆ அ, அ ஆ ஆ அ என்னும் ஒழுங்கில் வரும். ஆறடிப் பகுதியில் இ ஈ உ, இ ஈ உ என்றோ இ ஈ இ, ஈ இ ஈ என்றோ வேறு இயைபுகள் அமையும். எட்டாம் அடிக்குப் பின் கருத்தில் ஒரு திருப்பம் நிகழும். முற்பகுதி ஒரு நிலையை முன்வைக்க, பிற்பகுதி அதற்கு விடையோ மறுப்போ தரும்.

ஆங்கிலத்துக்கு இவ்வடிவம் பதினாறாம் நூற்றாண்டில் சென்றது. ஆங்கிலத்தில் இயைபுச் சொற்கள் இத்தாலியத்தைவிடக் குறைவு. இதனால் அ ஆ அ ஆ, இ ஈ இ ஈ, உ ஊ உ ஊ, எ எ என ஏழு இயைபுகள் கொண்ட மற்றொரு வகை அங்கு உருவானது. 1609 இல் வெளியான சேக்சுபியரின் 154 சானெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையின. இவ்வகையில் மூன்று நாலடிப் பகுதிகளில் கருத்து வளர்ந்து இறுதி ஈரடியில் முடிவுறும்.

முதல் வங்காளச் சானெட்

மேகநாதவத காவியத்தை எழுதிக்கொண்டிருந்த 1860 ஆம் ஆண்டிலேயே, வங்காளத்தில் சானெட்டைப் புகுத்த விரும்புவதாக ராஜநாராயண் பாசுவுக்கு மதுசூதன் எழுதினார். அக்கடிதத்துடன் கவி மாத்ருபாஷா என்னும் பாடலையும் இணைத்திருந்தார். இதுவே வங்காளத்தின் முதல் சானெட் ஆகும். மேதையர் இவ்வடிவத்தைக் கையாண்டால் வங்காளச் சானெட் காலப்போக்கில் இத்தாலியச் சானெட்டுக்கு நிகராக வளரும் என்று அவர் நம்பினார். ஆயினும் அதன்பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இம்முயற்சி தொடரப்படவில்லை.

வெர்சாய் வாழ்க்கை

1862 ஜூன் மாதத்தில் மதுசூதன் சட்டம் பயில இங்கிலாந்து புறப்பட்டு, இலண்டன் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். கல்கத்தாவில் இருந்த குடும்பத்துக்கும் தமக்கும் சொத்து வருவாயிலிருந்து பணம் கிடைக்க ஏற்பாடு செய்திருந்தார். பொறுப்பேற்றவர்கள் பணம் அனுப்புவதை நிறுத்தியதால் ஹென்றியெட்டா குழந்தைகளுடன் 1863 இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். இலண்டனில் செலவு கட்டுப்படியாகாததால் குடும்பம் பிரான்சின் வெர்சாய் நகருக்குக் குடிபெயர்ந்தது.

வெர்சாயில் இவர்கள் கடும் வறுமையில் வாடினர். கடன் வளர்ந்து, சிறை செல்ல நேரிடும் என்னும் அச்சமும் ஏற்பட்டது. 1864 இல் மதுசூதன் தம் நிலையை விளக்கி ஈசுவர சந்திர வித்தியாசாகருக்கு எழுதினார். வித்தியாசாகர் தாமே கடன் பெற்றுப் பணம் அனுப்பியதுடன், தொடர்ந்தும் உதவி இவர்களைக் காப்பாற்றினார்.

இக்காலத்தில்தான் மதுசூதன் சானெட்டை அதன் மூல மொழியிலேயே கற்றார். பிரெஞ்சு, இத்தாலியம், செருமன் ஆகிய மொழிகளைப் பயின்று, பெத்ரார்க்கின் பாடல்களை இத்தாலியத்தில் படித்தார். 1865 ஜனவரியில் பசாக்குக்கு எழுதிய கடிதத்தில், பெத்ரார்க்கைப் படித்துவருவதாகவும் அவர் முறையில் சில சானெட்டுகள் எழுதியிருப்பதாகவும் தெரிவித்தார். மாதிரிக்குச் சிலவற்றை அனுப்பி, ஜதீந்திரமோகன் தாகூர், ராஜநாராயண் பாசு முதலிய நண்பர்களிடம் காட்டிக் கருத்தறியுமாறும் கேட்டுக்கொண்டார். அவ்வாறு அனுப்பியவற்றுள் தம் பிறந்த ஊரின் ஆறான கபோதாட்சத்தைப் பற்றிய பாடலும் ஒன்று.

அதே 1865 இல் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் அறுநூறாவது பிறந்த ஆண்டு கொண்டாடப்பட்டது. அதனையொட்டி மதுசூதன் தாந்தே பற்றி வங்காளத்தில் ஒரு சானெட் எழுதினார். அதனைப் பிரெஞ்சு, இத்தாலிய மொழிபெயர்ப்புகளுடன் இத்தாலிய மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலுக்கு அனுப்பினார். மன்னரிடமிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது.

சதுர்தசபதி கவிதாவலி

வெர்சாயில் எழுதப்பட்ட சானெட்டுகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு, 1866 ஆகஸ்டு மாதத்தில் நூலாக வெளிவந்தன. மதுசூதன் அப்போது ஐரோப்பாவிலேயே இருந்தார். இத்தொகுப்பில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. சதுர்தசபதி என்பது பதினான்கு அடிகளை உடையது எனப் பொருள்படும். சானெட்டுக்கு மதுசூதன் இட்ட இப்பெயர் வங்காளத்தில் நிலைத்துவிட்டது.

வடிவம்

இத்தாலியச் சானெட்டின் அடி பதினோர் அசைகளும், ஆங்கிலச் சானெட்டின் அடி பெரும்பாலும் பத்து அசைகளும் கொண்டவை. மதுசூதன் இவற்றைப் பின்பற்றவில்லை. வங்காள மக்களின் செவிக்குப் பழகிய பயாரின் பதினான்கு அசை அடியையே எடுத்துக்கொண்டார். இதனால் இவருடைய சானெட் பதினான்கு அசை கொண்ட பதினான்கு அடிகளால் ஆனது. பழைய பயாரில் அடுத்தடுத்த அடிகளே இயைபு பெறும். இங்கோ ஓர் இயைபு அடிகள் தாண்டி மீண்டும் ஒலிக்கிறது. இவ்வாறு பழைய அடிக்குள் புதிய ஒழுங்கு அமைக்கப்பட்டது.

இயைபு முறையில் இவர் ஒரே வகையைப் பின்பற்றவில்லை. சில பாடல்கள் பெத்ரார்க் முறையையும் சில சேக்சுபியர் முறையையும் ஒட்டியவை. பல இரண்டும் கலந்தவை. 1860 இல் எழுதிய முதல் சானெட்டைத் திருத்தி அமைத்த வங்கபாஷா என்னும் பாடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் இயைபு அ ஆ அ ஆ, ஆ அ ஆ அ, இ ஈ ஈ இ, உ உ என அமைந்துள்ளது. முதல் எட்டடி பெத்ரார்க் முறைப்படி இரண்டே இயைபுகளால் ஆனது. ஆயினும் அவற்றின் அடுக்கு வேறு. முடிவோ சேக்சுபியர் முறைப்படி ஈரடியாக உள்ளது. கருத்தின் திருப்பம் எட்டாம் அடிக்குப் பின்னரே வருகிறது. தாய்மொழியின் செல்வத்தைப் புறக்கணித்துப் பிறர் பொருளை நாடி அலைந்த வீண் முயற்சியை எட்டடிப் பகுதி சொல்கிறது. ஒன்பதாம் அடியில் குலதெய்வம் கனவில் தோன்றிக் கவிஞனை வீடு திரும்பப் பணிக்கிறது. அக்கட்டளையை ஏற்றதன் பயன் இறுதி ஈரடியில் கூறப்படுகிறது. கவிஞரின் வாழ்க்கை வரலாறே இப்பாடலில் சுருக்கமாக அடங்கியுள்ளது எனலாம்.

அமித்ராட்சர் நடையில் பெற்ற பயிற்சியும் இச்சானெட்டுகளில் புலப்படுகிறது. பொருள் அடியின் ஈற்றில் நில்லாமல் ஓடுவதால், ஈற்று இயைபு இருந்தும் அது ஓசையில் மிகுந்து நிற்பதில்லை. மில்டனின் சானெட்டுகளிலும் இப்பண்பைக் காணலாம்.

பாடுபொருள்

பெத்ரார்க்கின் சானெட்டுகள் பெரும்பாலும் லாரா என்னும் பெண் மீது கொண்ட காதலைப் பற்றியவை. மதுசூதன் காதலை முதன்மைப் பொருளாகக் கொள்ளவில்லை. இவருடைய பாடல்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- இந்தியக் கவிஞர்கள்: வால்மீகி, காளிதாசர், ஜெயதேவர், கிருத்திவாசர், காசிராம் தாசர்.
- ஐரோப்பியக் கவிஞர்களும் அறிஞர்களும்: பெத்ரார்க், தாந்தே, விக்டர் ஹியூகோ, டென்னிசன், சமசுகிருத அறிஞர் கோல்ட்ஸ்டக்கர்.
- விழாக்களும் வழிபாடும்: விஜயதசமி, ஸ்ரீபஞ்சமி, கோஜாகர இலட்சுமி பூசை.
- பிறந்த மண்: கபோதாட்ச ஆறு, ஆலமரம், ஆற்றங்கரைச் சிவன் கோயில்கள், மாலை வேளை, பறவைகள்.
- சமகாலத்தவர்: வித்தியாசாகர், சத்தியேந்திரநாத் தாகூர்.

சென்னையிலிருந்து தருவிக்க விரும்பிய இரு நூல்களின் ஆசிரியர்களான கிருத்திவாசரும் காசிராம் தாசரும் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வெர்சாயில் இவருடைய பாட்டுடைத் தலைவர்களாயினர். வித்தியாசாகர் பற்றிய பாடல் அவருடைய கல்வியை மட்டுமன்றி ஏழைகள்பால் அவர் கொண்ட இரக்கத்தையும் போற்றுகிறது; அந்த இரக்கத்தால் பிழைத்தவரின் நன்றியுரையாகவும் அது விளங்குகிறது. கிறித்தவரான ஒருவர் பிரான்சில் இருந்துகொண்டு இந்து விழாக்களை இவ்வளவு ஏக்கத்துடன் பாடியிருப்பது குறிப்பிடத்தக்கது.

இறுதிக்காலம்

1866 நவம்பரில் வழக்குரைஞர் தகுதி பெற்று, 1867 இல் மதுசூதன் கல்கத்தா திரும்பினார். உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்தாலும் வருவாய்க்கு மீறிய செலவும் மதுப்பழக்கமும் இவரை மீண்டும் கடனில் ஆழ்த்தின. வித்தியாசாகர் இவருக்காகப் பட்ட கடனும் அவருக்குப் பெருஞ்சுமையாயிற்று. 1872 இல் சிறிது காலம் பஞ்சகோட்டு அரசரிடம் பணியாற்றினார். அப்பகுதியைப் பற்றியும் சில சானெட்டுகள் எழுதினார். ஓமரின் காவியத்தைத் தழுவிய ஹெக்டர் வதம் (1871) என்னும் உரைநடை நூல் முற்றுப்பெறவில்லை.

1873 ஜூன் 26 அன்று ஹென்றியெட்டா இறந்தார். மூன்று நாட்களின் பின், ஜூன் 29 அன்று, கல்கத்தாவின் பொது மருத்துவமனையில் மதுசூதன் காலமானார். திருச்சபைப் பொறுப்பாளர்கள் தயங்கியதால் உடல் அடக்கம் தாமதமாயிற்று. பின்னர் லோயர் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம் கல்லறைக்கான வரிகளை வங்காளத்தில் இவரே எழுதி வைத்திருந்தார். அவற்றைத் தாங்கிய நினைவுக்கல் 1888 இல் நிறுவப்பட்டது.

தாக்கம்

மதுசூதனுக்குப் பின் வங்காளக் கவிஞர்கள் சானெட்டைப் பல்வேறு வகைகளில் வளர்த்தனர்.

- இரவீந்திரநாத் தாகூர், சைதாலி, நைவேத்தியம் முதலிய தொகுப்புகளில் பதினான்கடிப் பாடல்கள் பல எழுதினார். இவற்றுள் பலவற்றில் பின்னிய இயைபைக் கைவிட்டு ஏழு ஈரடிகளாக அமைத்துள்ளார்.
- பிரமத சௌத்ரி 1913 இல் சானெட் பஞ்சாசத் என்னும் ஐம்பது சானெட்டுகளின் தொகுப்பை வெளியிட்டார். சதுர்தசபதி என்னும் சொல்லுக்கு மாறாகச் சானெட் என்னும் சொல்லையே இவர் தலைப்பில் பயன்படுத்தினார்.
- ஜீவனானந்த தாஸ் 1934 இல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1957 இல் வெளியான ரூபசி பாங்ளா தொகுப்பில், அடியின் நீளத்தைப் பெருக்கிச் சானெட்டைப் பேச்சின் ஓட்டத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். பாடுபொருளோ மதுசூதன் பாடிய அதே வங்க மண்ணாகும்.
- வங்காளதேசக் கவிஞர் அல் மஹ்மூத் 1973 இல் வெளியிட்ட சோனாலி காபின் நூலின் தலைப்புப் பகுதி பதினான்கு சானெட்டுகளால் ஆனது.

தமிழில் பரிதிமாற்கலைஞர் (1870-1903) தனிப்பாசுரத்தொகை என்னும் நூலில் சானெட்டைத் தழுவிப் பதினான்கடிப் பாடல்களை எழுதினார்.

மதிப்பீடு

சதுர்தசபதி கவிதாவலியின் பாடல்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. அரிய சமசுகிருதச் சொற்களும், பெயர்ச்சொற்களிலிருந்து இவரே ஆக்கிக்கொண்ட வினைகளும் வாசிப்பைக் கடினமாக்குகின்றன. சில பாடல்களில் இயைபு முறை தளர்கிறது. எட்டாம் அடிக்குப் பின் வரவேண்டிய திருப்பம் சிலவற்றில் தெளிவாக அமையவில்லை. எனினும், வேற்று மொழியின் வடிவம் ஒன்றைத் தன் மொழியின் இயல்பான அடியளவில் பொருத்திக் காட்டியது இந்நூலின் நிலையான சாதனை ஆகும். ஆங்கிலத்தில் கற்ற வடிவத்தை இத்தாலிய மூலத்தில் மீண்டும் பயின்று, இரு முறைகளையும் வேண்டியவாறு கலந்து கையாண்டதால், பின்வந்தவர்கள் அதனை மேலும் மாற்றியமைக்க வழி ஏற்பட்டது.

மதுசூதனின் வாழ்க்கை வரலாற்றை ஜோகீந்திரநாத் பாசு, நாகேந்திரநாத் சோம், குலாம் முர்ஷித் ஆகியோர் விரிவாக எழுதியுள்ளனர். இவர் பிறந்த சாகர்தாரியில் ஜனவரி மாதப் பிறந்தநாளையொட்டி மது மேளா என்னும் விழா நடத்தப்படுவது வழக்கம்.